ராமென் கிண்ணம்: அடுப்படியில் நின்றது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

ஜப்பான் என்றதும் என்ன ஞாபகம் வருகிறது என்று ஒரு காலத்தில் வகுப்பில் கேட்டால் ஹிரோஷிமா, டொயோட்டா என்று பதில் வரும். இப்போது முதலில் வருவது நருட்டோ. மஞ்சள் தலைமுடியுள்ள அந்தக் கார்ட்டூன் பையன் எந்தச் சண்டை முடிந்தாலும் இச்சிராக்கு என்ற சின்னக் கடையில் போய்க் குந்தி, ஒரு பெரிய கிண்ணத்தில் ராமென் சாப்பிடுவான். நருட்டோ என்பதே ராமெனில் மிதக்கும், நடுவில் இளஞ்சிவப்புச் சுழி போட்ட மீன்மாத் துண்டின் பெயர்தான். கதையை வரைந்த மசாஷி கிஷிமோட்டோ ஃபுகுவோக்காவில் படித்த பல்கலைக்கழகத்தின் அருகில் இச்சிராக்கு என்ற பெயரில் உண்மையான ராமென் கடை ஒன்றும் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு ராமென் என்றால் ஜப்பான், ஜப்பான் என்றால் ராமென். சமூகக்கல்வி படிப்பிக்கிறவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. ஒரு கிண்ணம் சாப்பாட்டை வைத்து நூற்றைம்பது வருட வரலாற்றைச் சொல்லிவிடலாம்.

பேர்போன ஒரு ராமென் கடைக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வரிசை. மழையோ பனியோ, ஒரு மணித்தியாலம் நிற்பது அங்கே சாதாரணம். வாசலில் பயணச்சீட்டு இயந்திரம் போல ஒரு இயந்திரம் இருக்கும். காசைப் போட்டு, பொத்தானை அழுத்தி, வரும் துண்டை உள்ளே கொடுக்க வேண்டும். பெரும்பாலும் மேசைகள் இருக்காது. அடுப்பைச் சுற்றி ஒரு நீளப் பலகை, அதன் முன்னால் பத்துப் பன்னிரண்டு முக்காலிகள், அவ்வளவுதான். சமைப்பவரின் கையை நாம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கிண்ணம் வந்ததும் சத்தமாக உறிஞ்சிச் சாப்பிட வேண்டும், அதை அங்கே யாரும் பிழையாக எடுக்கமாட்டார்கள். கதைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. முடிந்ததும் எழும்பிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். ஃபுகுவோக்காவில் தொடங்கிய இச்சிரான் என்ற கடையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கமும் பலகைத் தடுப்பு வைத்து, பரீட்சை எழுதுவது போல இருத்திவிடுகிறார்கள். அதே ஊரில் நூடுல்ஸை மட்டும் இரண்டாம் முறை வாங்கிச் சூப்பில் போட்டுக்கொள்ளும் வழக்கம் ஒன்றும் உண்டு. அது நகஹாமா மீன் சந்தைத் தொழிலாளர்களுக்காக 1950களில் வந்தது. அவர்களுக்கு நேரமில்லை, பசி அதிகம். அந்த மெல்லிய நூடுல்ஸோ சூப்பில் கிடந்தால் ஊதிப்போகும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கொடுத்தார்கள். இந்தக் கடைகளின் பழக்கவழக்கங்களில் பலவும் இப்படித்தான், அவசரத்தில் இருந்த உழைப்பாளிகளின் பழக்கங்கள்.

கிண்ணத்துக்குள் இருப்பது கோதுமை மா நூடுல்ஸ். ஆனால் ஜப்பானின் பழைய ஊடொன் போன்றதல்ல. மா பிசையும்போது சோடியம் காபனேற்று, பொட்டாசியம் காபனேற்று கலந்த கார நீர் சேர்க்கிறார்கள். இதனால்தான் அந்த மஞ்சள் நிறமும், பல்லில் இழுபடும் தன்மையும், அந்த மணமும். இந்தத் தொழில்நுட்பம் சீனாவிலிருந்து வந்தது. சூப்பு கோழி எலும்பிலோ மீன் கருவாட்டிலோ கடற்பாசியிலோ வரும். பெரும்பாலான கடைகளில் பன்றி எலும்பு, மேலே பன்றி இறைச்சித் துண்டு. ஆகவே நம்மவர்கள் ஜப்பான் போனால் கண்ட கண்ட கடையில் ஏறிவிட முடியாது. அதைப் பற்றிப் பிறகு வருவோம்.

இது ஜப்பானின் பண்டைய உணவு என்று நினைப்பவர்கள் ஏராளம். அதற்கு ஒரு கதையும் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் மித்தோ பிரபு டொக்குகவா மிட்சுகுனிக்கு, சீனாவிலிருந்து அகதியாக வந்த ஜூ ஷுன்ஷுய் என்ற அறிஞர் சீன நூடுல்ஸ் செய்யக் கற்றுக்கொடுத்தாராம். அதனால் ஜப்பானில் முதன்முதலில் ராமென் சாப்பிட்டவர் அந்தப் பிரபுதானாம். அறிஞரும் உண்மை, பிரபுவும் உண்மை. ஆனால் அந்தக் கிண்ணத்துக்கும் இன்று வீதியில் விற்கும் கிண்ணத்துக்கும் இடையில் எந்தத் தொடர்ச்சியும் இல்லை. எல்லாச் சமூகங்களுக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது. தெருவில் பிறந்த ஒன்று பெரிதாகிவிட்டால் அதற்கு ஒரு அரண்மனையில் பிறப்புச் சாட்சிப்பத்திரம் எழுதிவிடுவார்கள்.

உண்மையான தொடக்கம் துறைமுகத்தில். 1859இல் யொகோஹாமா வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. வந்த ஐரோப்பிய வணிகர்களுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஆனால் அவர்களுடன் ஹொங்கொங், குவாங்டொங் பக்கத்துச் சீனர்கள் வந்தார்கள். சீன எழுத்தை ஜப்பானியர் வாசிப்பார்கள் என்பதால் எழுதிக்காட்டியே வியாபாரம் பேசக்கூடியவர்கள் அவர்கள். தரகர், கணக்கர், சமையல்காரர் என்று வந்த அவர்களுக்கென்று நன்கின்மச்சி என்றொரு தெருவே உருவானது. இன்றைய யொகோஹாமா சீன நகரம் அதுதான். 1899இல் வெளிநாட்டவர் நாட்டின் உட்பகுதிகளிலும் வசிக்கலாம் என்று சட்டம் மாறியபோதும், சீனக் கூலித் தொழிலாளர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. கைத்தொழில் தெரிந்தவர்களே பிழைக்க முடிந்தது. அவர்களைப் பற்றி 'மூன்று கத்திகள்' என்றொரு சொல்வழக்கு உண்டு: சமையல்காரரின் கத்தி, தையல்காரரின் கத்தரிக்கோல், சிகை அலங்கரிப்பவரின் சவரக்கத்தி. அந்த முதலாவது கத்தியிலிருந்துதான் நம் கதை.

அப்போது இந்த நூடுல்ஸுக்குப் பெயர் ஷினா சொபா, சீன நூடுல்ஸ் என்று பொருள். ஷினா என்ற சொல் தொடக்கத்தில் வெறும் நாட்டுப் பெயர். 1894–95 போரில் ஜப்பான் சீனாவைத் தோற்கடித்த பிறகு அதில் இளக்காரம் ஏறியது. ஆக, விரும்பிச் சாப்பிட்டார்கள், பெயரிலேயே இளப்பமாகவும் பார்த்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் தென்மு பேரரசர் போட்ட இறைச்சித் தடையிலிருந்து, பௌத்தச் செல்வாக்கினால் நாற்கால் பிராணிகளின் இறைச்சியை ஜப்பானியர் பெரும்பாலும் தவிர்த்தே வந்தார்கள். 1872இல் மெய்ஜி பேரரசர் தாமே மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்ற செய்தி வெளியானபோதுதான் காற்று மாறத் தொடங்கியது. எலும்பைக் கொதிக்கவைத்துச் சூப்பு எடுப்பது பெரும்பாலான ஜப்பானியருக்கு அதுவரை தெரியாத வேலை. இன்று ஜப்பானின் உயிர்நாடி என்று சொல்லும் அந்தச் சுவை அவர்களுடைய பாட்டன், பூட்டன் அறியாத சுவை.

1910ஆம் ஆண்டு. டோக்கியோவின் அசாகுசா பகுதி, படக் கொட்டகைகளும் கூத்து மேடைகளும் நிறைந்த, சாதாரண மக்கள் பொழுதுபோக்கும் இடம். யொகோஹாமா சுங்கத்தில் வேலை பார்த்திருந்த ஒஸாக்கி கனிச்சி என்ற ஜப்பானியர் அங்கே ராய்ராய்கென் என்ற கடையைத் திறந்தார். 'வாருங்கள், வாருங்கள்' என்று அழைக்கும் பெயர். சுங்கத்தில் இருந்தபோது சீனத் தெருச் சாப்பாட்டின் ருசி கண்டவர் அவர். யொகோஹாமா சீன நகரத்திலிருந்து 12 சமையல்காரர்களை அழைத்துவந்தார். சோயா சோஸ் கலந்த சூப்பில் நூடுல்ஸ், கூடவே வொன்டன், ஷூமாய். மலிவு விலை. ஜப்பானின் முதலாவது பெரிய ராமென் கடை என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். சனம் நெரிந்தது. கடை முதலாளியின் பெயர், அவரது மகன், பேரன், எல்லாம் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பேரைத் தேடினால் 'சீனச் சமையல்காரர்கள்' என்ற ஒற்றைச் சொல்தான் கிடைக்கும். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அந்த ஒற்றைச் சொல்தான்.

சிலரின் பெயர் தப்பியிருக்கிறது. வடக்கே சப்பொரோவில், ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் அருகே, 1920களின் தொடக்கத்தில் தக்கேயா என்ற சாப்பாட்டுக் கடையை ஒரு ஜப்பானியத் தம்பதியர் நடத்தினார்கள். சமையல்காரர் ஷன்டொங் பக்கத்தைச் சேர்ந்த வாங் வென்ட்சாய். கையால் இழுத்து நூடுல்ஸ் செய்பவர். வாடிக்கையாளர்களில் சீன மாணவர்களும் இருந்தார்கள். ஜப்பானிய மாணவர்கள் சாப்பாடு கேட்கும்போது சீனரை இழித்துரைக்கும் ஒரு சொல்லைச் சேர்த்தே கேட்பார்களாம். சமைத்துக்கொடுக்கிற மனிதர் காதில் விழும்படி. கடைக்காரரின் மனைவி தட்சுவுக்கு இது பொறுக்கவில்லை. வேறு பெயர் வைக்க வேண்டும் என்று யோசித்தார். வாங் ஒவ்வொரு கிண்ணமும் தயாரானதும் 'ஹாவ் லா' என்று குரல் கொடுப்பார், 'ஆயிற்று' என்று அர்த்தம். அந்த 'லா'வை எடுத்தார். ஜப்பானிய நாக்கில் அது 'ரா'. நூடுல்ஸுக்குச் சொல் 'மென்'. ராமென். பெயருக்கு வேறு விளக்கங்களும் உண்டு. 'லாமியென்', அதாவது இழுத்துச் செய்த நூடுல்ஸ் என்ற சீனச் சொல்லிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்பது. ஆனாலும் சப்பொரோக் கதையை நாம் விட்டுவிடக் கூடாது. உச்சரிப்பு எப்படி வந்ததோ, அந்தப் பெயரை மாற்ற வேண்டிய தேவை ஏன் வந்தது என்பதை அந்தக் கதை வைத்திருக்கிறது.

ஃபுகுஷிமா மாகாணத்தில் கிதகட்டா என்ற சிறிய நகரம் இருக்கிறது. இன்று ராமெனுக்காகவே உல்லாசப் பயணிகள் போகிற ஊர். அங்கே இதைத் தொடங்கியவரும் சீனர்தான். ஜெஜியாங் பகுதியிலிருந்து 1920களில் வந்து, வண்டி தள்ளி விற்று, பிறகு கென்ராய்கென் என்ற கடை வைத்தவர்.

இவர்கள் வண்டி தள்ளிய காலம் எப்படிப்பட்டது? 1923 செப்டெம்பர் 1, மதிய நேரம். டோக்கியோவையும் யொகோஹாமாவையும் நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. மதியச் சமையலுக்கு அடுப்புகள் எரிந்துகொண்டிருந்ததால் தீ பரவி, இறந்தோர் தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டியது. அன்று இரவுக்குள் வதந்தி. கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்று. ஊர்க் காவல் குழுக்கள் மூங்கில் ஈட்டியோடு வீதியில் இறங்கின. இராணுவமும் பொலிஸாரும் சேர்ந்துகொண்ட இடங்களும் உண்டு. கொரியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். டோக்கியோவின் ஒஜிமா பகுதியில் நூற்றுக்கணக்கான சீனத் தொழிலாளர்களும் கொல்லப்பட்டார்கள். வதந்தி எப்படி நடக்கும் என்று நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2018இல் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் கறியில் கிடந்த மாக் கட்டி ஒரே இரவில் என்னவாக மாறியது என்று பார்த்தவர்கள் நாம்.

யொகோஹாமா சீன நகரம் அந்த நிலநடுக்கத்தில் அழிந்தது. கடையிழந்த சமையல்காரர்கள் பலர் வேறு நகரங்களுக்குச் சிதறினார்கள். வண்டியில் அடுப்பேற்றி இரவில் விற்பது பெருகியது. சருமெரா என்ற ஊதுகுழலை ஊதிக்கொண்டு வருவார்கள். நம் வீதிகளில் சூன் பாண் ஆட்டோவின் பாட்டுக் கேட்டதும் பிள்ளைகள் ஓடுவது போல, அந்தக் குழல் சத்தம் ஒரு தலைமுறையின் ஞாபகமாகிவிட்டது. பிறகு 1937. ஜப்பான் சீனாவின் மீது முழுப் போரைத் தொடங்கியது. ஜப்பானில் இருந்த சீனர் பலர் நாடு திரும்பினார்கள். மாவும் அரிசியும் பங்கீட்டுக்குள் போயின. ராமென் ஏறக்குறைய மறைந்துபோனது.

அது திரும்பி வந்த விதம்தான் இந்த வரலாற்றில் மிக முக்கியமான பகுதி.

1945 ஓகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. கொரியாவும் தைவானும் கைவிட்டுப் போயின, அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. அந்த ஆண்டு விளைச்சலும் படுமோசம். இந்த நிலையில் வெளிநாடுகளிலிருந்து படையினரும் குடிமக்களுமாக ஆறு மில்லியனுக்கும் அதிகமானோர் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பங்கீட்டு அட்டைக்குக் கிடைப்பதைக் கொண்டு உயிர் வாழ முடியாது. எல்லோரும் கறுப்புச் சந்தைக்குப் போனார்கள். அப்படிப் போகாத ஒருவரின் பெயரை ஜப்பானியர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். யமகுச்சி யொஷிததா, டோக்கியோ மாவட்ட நீதிமன்ற நீதிபதி. கறுப்புச் சந்தைக் குற்றவாளிகளுக்குத் தண்டனை கொடுப்பது அவர் வேலை. பகலில் தண்டித்துவிட்டு இரவில் அதே சந்தை அரிசியைத் தின்ன அவரால் முடியவில்லை. பங்கீட்டில் கிடைத்ததில் பெரும்பகுதியைத் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்தார். 1947 ஒக்டோபரில் பட்டினியின் விளைவாக இறந்தார். வயது 33. நீதிபதியின் நிலையே இதுவென்றால் மற்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் கோதுமை மாவை இறக்கியது. அரிசி இல்லை, மா இருக்கிறது. மாவின் ஒரு பகுதி ஆலைகளிலிருந்தே கறுப்புச் சந்தைக்கு நழுவியது. புகையிரத நிலையங்களின் முன்னால், குண்டு விழுந்த வெளிகளில், வண்டிக் கடைகள் முளைத்தன. வீதியில் சாப்பாடு விற்பது அன்று சட்டவிரோதம். சந்தையை ஆண்டது சண்டியர் கூட்டங்கள். ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டார்கள். ஆனாலும் ஒரு கிண்ணம் சூடான நூடுல்ஸ், கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் உப்பு. பசித்தவனுக்கு அதைவிடப் பெரிய விருந்து இல்லை. விற்றவர்கள் யார்? மஞ்சூரியாவிலும் சீனாவிலும் இருந்து வெறுங்கையோடு திரும்பிய ஜப்பானியர்கள். அங்கே சாப்பிட்டுப் பழகியதைச் செய்து விற்றார்கள். இன்று ராமென் கடைகளில் துணைக்கு வாங்கும் கியோசா அந்த வழியாகத்தான் பரவியது. கூடவே ஜப்பானில் தங்கிவிட்ட சீனர், தைவானியர், கொரியர். 1950இல் மாவின் மீதான கட்டுப்பாடு தளர்ந்ததும் இந்த வண்டிகள் வெளிச்சத்துக்கு வந்தன. முதலீடாக ஒரு வண்டியும் ஒரு பானையும் போதும்.

பெயரும் இந்தக் காலத்தில் மாறியது. ஷினா என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம் என்று 1946இல் ஜப்பான் வெளிநாட்டமைச்சு அறிவுறுத்தியது. சீனா வெற்றி பெற்ற நேச நாடுகளில் ஒன்றல்லவா! ஷினா சொபா மெல்ல மெல்ல சூக்கா சொபா ஆனது.

அமெரிக்க மா இரக்கத்தினால் மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் கோதுமை மலைபோல் குவிந்திருந்தது, சந்தை தேவைப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாணும் பால்மாவும் கொடுக்கப்பட்டன. 1956 முதல் ஒரெகன் கோதுமை விவசாயிகள் சங்கத்தின் பணத்தில், அடுப்புப் பூட்டிய பஸ்கள் ஜப்பானின் கிராமம் கிராமமாகப் போய் மாச் சமையல் காட்டின. 1954இல் அமெரிக்கா நிறைவேற்றிய 480ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மிகைத் தானியம் பல நாடுகளுக்கும் போனது. அதே சட்டத்தின் கீழ் கோதுமையும் மாவும் நம் நாட்டுக்கும் வந்தன. காலையில் பாண், இரவில் ரொட்டி என்று நம் வீடுகள் பழகியதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. கோதுமை விளையாத ஒரு தீவு பாண் விலை ஏறினால் ஏன் கலங்குகிறது என்று பிள்ளைகள் கேட்டால் இந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.

இனி, நம் வீட்டுக் குசினி வரைக்கும் வந்த மனிதர். மொமொஃபுகு அன்டோ. பிறந்தது 1910இல், ஜப்பானின் ஆட்சியில் இருந்த தைவானில். இயற்பெயர் வூ பாய்ஃபு. ஒசாக்காவில் வியாபாரம் செய்தார். போருக்குப் பிந்திய குளிரில் ஒரு நூடுல்ஸ் வண்டியின் முன்னால் நீண்டு கிடந்த வரிசை தன் மனதை விட்டு அகலவில்லை என்று பிற்காலத்தில் சொன்னார். வரி வழக்கில் சிறை சென்றார். பிறகு அவர் தலைமை தாங்கிய கடன் நிறுவனம் முறிந்து, வீட்டைத் தவிர எல்லாம் போனது. நாற்பத்தேழு வயதில், இக்கெடா என்ற ஊரில், வீட்டின் பின்னால் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு, நூடுல்ஸைக் கெடாமல் காயவைப்பது எப்படி என்று மல்லுக்கட்டினார். எண்ணெயில் பொரித்தால் நீர் ஆவியாகிப் போகும், அது போன இடத்தில் நுண்ணிய துளைகள் விழும், பிறகு சுடுநீர் ஊற்றினால் அந்தத் துளைகள் வழியாக நீர் உள்ளே போய் நூடுல்ஸ் மீண்டும் மெதுமையாகும். மனைவி தெம்புரா பொரிப்பதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்ததாம். 1958 ஓகஸ்ட் 25இல் சிக்கன் ராமென் கடைக்கு வந்தது. விலை 35 யென். சாதாரண ஊடொன் நூடுல்ஸ் 6 யென்னுக்குக் கிடைத்த காலம், ஆகவே அன்று அது பணக்காரச் சாமான். ராமென் என்ற பெயர் நாடு முழுக்க நிலைத்தது இந்தப் பைக்கற்றால்தான். 1971இல் கோப்பை நூடுல்ஸ். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அசாமா மலை விடுதியில் ஆயுதக் குழுவொன்று பணயக்கைதியைப் பிடித்து வைத்தபோது, உறைபனியில் நின்ற பொலிஸார் அதைச் சாப்பிடுவதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதைவிட விளம்பரம் வேண்டுமா? இன்று உலகம் ஆண்டுக்கு 100 பில்லியனுக்கும் அதிகமான உடனடி நூடுல்ஸைச் சாப்பிடுகிறது. 2000ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்த ஒரு கருத்துக்கணிப்பில் இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த ஜப்பானியக் கண்டுபிடிப்பு எது என்று கேட்டபோது முதலிடம் உடனடி நூடுல்ஸுக்கு. கண்டுபிடித்தபோது அவர் ஜப்பானியப் பிரஜை அல்ல. பிரஜாவுரிமை 1966இல்தான் எடுத்தார்.

கடைகளுக்குத் திரும்புவோம். டோக்கியோ மீண்டும் கட்டியெழுப்பப்பட்ட 1950, 60களில் கிராமங்களிலிருந்து வந்த இளைஞர்களின் சாப்பாடு ராமென். நகானோ பகுதியிலிருந்த தாய்ஷொகென் என்ற கடையில் நகானோ மாகாணத்து இளைஞர் ஒருவர் வேலை செய்தார். (ஊர்ப் பெயர்கள் தமிழில் ஒன்றுபோல விழுகின்றன, இரண்டும் வேறு வேறு.) பெயர் யமகிஷி கசுவோ. மிஞ்சிப்போன நூடுல்ஸை வேலையாட்கள் சூப்பில் தோய்த்துச் சாப்பிடுவதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் எங்களுக்கும் தாருங்கள் என்று கேட்டார்கள். 1955இல் அது விலைப்பட்டியலில் ஏறியது. சுக்கெமென் என்று இன்று எல்லா ஊரிலும் விற்பது அதுதான். 1961இல் ஹிகாஷி இக்கெபுகுரோவில் சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டார். வரிசை கட்டிடத்தைச் சுற்றி வளைந்தது. நின்று நின்று கால்கள் கெட்டுப்போன பிறகும் வந்தார். தொழில் பழக வந்த யாருக்கும் இரகசியம் என்று எதையும் மறைக்கவில்லை. பழகி முடித்தவர் கடையின் பெயரையே வைத்துக்கொண்டு போகலாம், அதற்குப் பணம் கேட்கவில்லை. இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள். 2007 மார்ச்சில் நகர மறுசீரமைப்புக்காகப் பழைய கடை மூடப்பட்ட நாளில் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். 2015இல் அவர் காலமானார். ராமென் கடை வரிசை என்றதும் நமக்கு இந்த மனிதர்தான் ஞாபகம் வருகிறார்.

பிறகு மவுசு வந்தது. 1985இல் இத்தாமி ஜூசோவின் 'தம்பொப்பொ' என்ற திரைப்படம், கணவனை இழந்த ஒரு பெண் ராமென் கடையைத் தூக்கி நிறுத்தும் கதை. 1994இல் ஷின் யொகோஹாமாவில் ராமென் அருங்காட்சியகம். நிலத்தடியில் 1958ஆம் ஆண்டுத் தெருவொன்றையே கட்டி வைத்திருக்கிறார்கள். 2015 டிசம்பரில் சுட்டா என்ற டோக்கியோக் கடைக்கு மிஷெலின் நட்சத்திரம். அதுவரை எந்த ராமென் கடைக்கும் கிடைக்காதது.

இந்த மவுசோடு கடையின் கோலமும் மாறியது. முன்பு சிவப்புத் திரையும் வெள்ளை மேலங்கியும் சீனச் சாப்பாட்டுக் கடை என்ற பாவனையும் இருந்தன. 1990களுக்குப் பிறகு புதிய கடைகளில் சமையல்காரர்கள் பழங்கால ஜப்பானியக் கைவினைஞர் உடுப்பை மாட்டிக்கொண்டு, தலையில் துணி கட்டி, சுவரில் தூரிகை எழுத்தில் வாழ்க்கைத் தத்துவம் எழுதிவைத்தார்கள். உள்ளே போகிறவனுக்கு அது நூறு தலைமுறை மரபு போலத் தெரியும். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. சீனாவில் இருந்து வந்ததை அவர்கள் அப்படியே வைத்திருக்கவில்லை. சோயா சோஸ், மீன், கடற்பாசி சேர்த்து, இழுத்த நூடுல்ஸை வெட்டிய நூடுல்ஸாக்கி, ஊருக்கொரு சுவையாக வேறொன்றைப் படைத்தார்கள். அந்தப் பெருமை அவர்களுக்கு உரியது. ஆனால் பெருமை ஏறும்போது முதலில் கழன்று விழுவது வந்தேறிகளின் பெயர் என்பதும் நடந்தது. இன்றும் பல கிண்ணங்களின் விளிம்பில் சதுரச் சுருள்போல ஒரு சிவப்புக் கோலம் ஓடும். அது பழைய சீன மின்னல் கோலம். அதை யாரும் அழிக்கவில்லை, அது என்னவென்று கேட்கவும் இல்லை.

ஹலால் விடயத்துக்கு வருவோம் என்று சொன்னோம். கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் மலேசிய, இந்தோனேசியப் பயணிகள் கூடியதால் டோக்கியோ, ஒசாக்கா, கியோட்டோவில் ஹலால் ராமென் கடைகள் வந்துவிட்டன. பன்றி எலும்புக்குப் பதில் கோழி. சோயா சோஸிலும் மதுசாரம் கலக்காததைத் தேடி எடுக்கிறார்கள். சில கடைகளில் தொழுவதற்கும் சிறிய இடமுண்டு. இவற்றில் நரிதாயா என்ற கடை இருப்பது அசாகுசாவில். ஒஸாக்கியும் பெயர் தெரியாத அந்தப் பன்னிரண்டு பேரும் 1910இல் அடுப்பு மூட்டிய அதே அசாகுசா. சீனக் கடையாகத் தொடங்கிய ஒன்று இன்னொரு கூட்டத்துக்காக இன்னொரு முறை தன்னை மாற்றிக்கொள்கிறது. சுவை மாறிவிட்டது, இது ராமெனே இல்லை என்று அங்கேயும் சிலர் சொல்கிறார்களாம். 1910இல் சோயா சோஸ் ஊற்றியபோது அந்தச் சீனச் சமையல்காரர்களும் அதையே நினைத்திருக்கலாம்.

ஜப்பானில் இப்போது வேலை செய்ய இளைஞர் போதாது. 2019 ஏப்ரலில் 'குறித்த திறன்' என்ற புதிய வேலை வீசாவைக் கொண்டுவந்தார்கள். முதியோர் பராமரிப்பு, விவசாயம், கட்டுமானம் என்ற பட்டியலில் உணவகத் தொழிலும் இருக்கிறது. அதே ஆண்டு ஜூன் மாதம் இலங்கையும் அதற்கான ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது. நேபாளம், வியட்நாம், மியன்மார் பிள்ளைகள் ஏற்கெனவே அந்த அடுப்படிகளில் நிற்கிறார்கள். நம் ஊர்களிலும் சாதாரண தரம், உயர்தரம் முடித்த பிள்ளைகள் மாலை வகுப்புகளில் ஜப்பான் மொழி எழுத்துக்களை எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நாளை ஏதாவது ஒரு பேர்போன கடையில், வரிசையில் நிற்கும் சனத்தைப் பார்த்தபடி, நூடுல்ஸை உதறிக் கிண்ணத்தில் போடுவார். நெஞ்சில் குத்தியிருக்கும் அட்டையில் அவருடைய பெயர் ஜப்பானிய எழுத்தில் இருக்கும்.